யார் வரைந்த புட்டா இது?

பட்டுச் சேலையில் ஒரு புட்டா விழுவதற்கு நான்கு பேரின் கை வேண்டும். உருவத்தை யோசித்து வரைபவர் ஒருவர். அதைக் கட்டம் போட்ட தாளில் இழைக் கணக்குப் பார்த்து நிரப்புபவர் இன்னொருவர். அந்தத் தாளை வைத்து அட்டை குத்துபவர் மூன்றாமவர். அட்டையைத் தறியில் ஏற்றி நெய்பவர் நான்காமவர். சில வீடுகளில் ஒருவரே இவற்றில் இரண்டு வேலைகளைப் பார்ப்பார். சில இடங்களில் இன்னும் நாலைந்து பேர் சேர்வார்கள். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஆரணியை ஒட்டிய சேவூரிலும், சுற்றியுள்ள ஒண்ணுபுரம், தேவிகாபுரம் போன்ற நெசவு ஊர்களிலும் பட்டு இப்படித்தான் உருவாகிறது. நெய்து முடித்த சேலை மடிக்கப்பட்டுக் கடைக்குப் போகும்போது இந்த நால்வரில் ஒருவர் பெயரும் அதனுடன் போவதில்லை. சேலையின் படம் கைபேசி வழியாகப் பரவத் தொடங்கியதும் ஊரின் பெயரும் கழன்றுவிடுகிறது.

பிறருடைய படைப்பை எடுத்து ஆளும்போது படைத்தவர் பெயரைச் சொல்வதை இணையத்தில் ‘கிரெடிட் கொடுப்பது’ என்கிறார்கள். ஓவியம் வரைகிறவர்கள், கோலம் போடுகிறவர்கள், எம்பிராய்டரி செய்கிறவர்கள், ஒளிப்படக்காரர்கள் என இணையத்தில் கூடும் கலைக்குழுக்கள் எல்லாவற்றிலும் அடிக்கடி எழும் சண்டை இது. படத்தை எடுத்துப் போட்டார்கள், பெயரைப் போடவில்லை என்பதே புகார். நெசவு ஊர்களுக்கு இந்தச் சிக்கல் கைபேசிக்கு முன்பே பழக்கமானது. ஒரு தறியில் விழுந்த உருவம் அடுத்த தெருத் தறியில் விழுவதற்கு அப்போது சில மாதங்கள் ஆகும். இப்போது ஒரு நாள் போதும்.

உருவம் தறிக்கு வரும் வழி

பெயர் எங்கே தொலைகிறது என்று பார்க்க, உருவம் தறிக்கு வரும் வழியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஜக்கார்டு வருவதற்கு முன் ‘அடை’ என்னும் நூல்கட்டு இருந்தது. எந்த ஊடைக்கு (குறுக்கு இழைக்கு) எந்தப் பாவு இழைகள் (நெடுக்கு இழைகள்) மேலே எழ வேண்டும் என்ற கணக்கு முழுவதும் அந்த நூல்களிலேயே கட்டிவைக்கப்படும். அடை கட்டத் தெரிந்தவருக்கு ஊரில் தனி மதிப்பு. 1804-இல் பிரான்சின் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய பொறி இந்தக் கணக்கைத் துளையிட்ட அட்டைக்கு மாற்றியது. அட்டையில் துளை இருக்கும் இடத்தில் கொக்கி மேலே எழும். அதோடு பாவு இழையும் எழும். துளை இல்லாத இடத்தில் இழை அப்படியே கிடக்கும். ஊடை ஒன்றுக்கு அட்டை ஒன்று என்பதால், சிறிய அன்னப்பட்சிக்கே நூற்றுக்கு மேற்பட்ட அட்டைகள் தேவைப்படும். அவற்றை வரிசையாகக் கோத்து மாலைபோல் தறிக்கு மேலே தொங்கவிடுவார்கள்.

இந்த வேலையில் கலை மிகுந்த இடம் கட்டத்தாள். மயிலின் கழுத்து வளைவை வளைவு தெரியும்படி சதுரக் கட்டங்களில் கொண்டுவர வேண்டும். ஜரிகை நீளமாக மேலே மிதந்தால் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். ஆகவே உருவத்தின் அழகு கெடாமல் இடையிடையே கட்டுப்போட வேண்டும். தறியில் எத்தனை கொக்கி இருக்கிறதோ அதற்குள் உருவம் அடங்க வேண்டும். கரையில் வரும் உருவம் மீண்டும் மீண்டும் வரும்போது இணைப்பு தெரியாமல் ஓட வேண்டும். காகிதத்தில் அழகாக இருக்கும் ஓவியம் தறியில் அழகாக விழுவதற்கு நடுவில் இருப்பது இவ்வளவு. இப்போது கட்டத்தாளின் இடத்தைக் கணினித் திரை பிடித்திருக்கிறது. அட்டைக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டும் வந்திருக்கிறது. ஆனால் எந்தக் கட்டத்தை நிரப்புவது, எதை விடுவது என்ற முடிவை எடுப்பது இன்னும் ஒரு மனிதர்தான்.

அவர் பெயர் தொலைவது அட்டையில்தான். ஒருமுறை குத்திய அட்டையை வைத்து எத்தனை மாலை வேண்டுமானாலும் குத்திக்கொள்ளலாம். கணினிக் கோப்பு என்றால் அந்த உழைப்பும் வேண்டாம். அட்டைக்கு எண் இருக்கும், கடைக்காரர் வைத்த செல்லப் பெயர் இருக்கும். வரைந்தவரைப் பற்றிய குறிப்பு இருக்காது. கோப்பை விற்பவரும் வாங்குபவரும் அதைக் கேட்பதில்லை.

அரசு அமைப்புகளிலும் நெடுநாள் இதே நிலைதான். 1956-இல் புபுல் ஜயகரின் முயற்சியால் நெசவாளர் சேவை மையங்கள் தொடங்கப்பட்டன. தறிகளுக்குப் புதிய வடிவங்கள் வரைந்து தர ஓவியர்கள் அங்கே வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். கே.ஜி. சுப்ரமணியன், பிரபாகர் பர்வே போன்று பின்னாளில் நாடறிந்த ஓவியர்கள் இந்தக் கைத்தறி வடிவமைப்புப் பணியில் இருந்தவர்கள். அவர்கள் வரைந்த ஓவியங்களில் கையெழுத்தைப் பார்க்கலாம். அத்தகைய மையங்களிலிருந்து தறிக்குப் போன வடிவங்களை வரைந்தவர் யார் என்று அறிய, துணியை வாங்கியவருக்கு வழியே இருந்ததில்லை.

எது பொது, எது ஒருவருடையது

மாங்காய், அன்னப்பட்சி, மயில், யாளி, இருதலைப்பட்சி, ருத்திராட்சம், மல்லிமொக்கு, கோபுரக் கரை, வைர ஊசி, பாலும் பழமும் கட்டம். இவை யாருக்கும் தனிச் சொத்து இல்லை. கோயில் தூணிலிருந்தும் பாட்டி புடவையிலிருந்தும் தலைமுறை தலைமுறையாகத் தறிக்கு வந்தவை. இவற்றை நெய்ய யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். கைவினை என்பதே பார்த்துச் செய்து பழகுவது. பார்ப்பதைத் தடுத்தால் தொழிலே நின்றுவிடும்.

ஆனால் பொதுவான மாங்காயிலிருந்து ஒருவர் தன் கற்பனையால் ஒரு மாங்காயை வரைகிறார். அதன் வயிற்றுக்குள் கொடி ஓடவிட்டு, நுனியில் கிளியை உட்காரவைத்து, ஓரத்தில் மணிச்சரம் கோக்கிறார். அந்த மாங்காய் அவருடையது. மரபு பொது என்பதைக் காட்டி இவருடைய உழைப்பையும் பொது என்று எடுத்துக்கொள்வது நியாயமில்லை. இணையக் கலைக்குழுக்களிலும் இதே அளவுகோலைத்தான் பிடிக்க வேண்டும். புள்ளிக்கோலம் பொது, ஒருவர் புதிதாக அமைத்த கோலத்தின் படம் அவருடையது. முருகன் பொது, ஒருவர் தீட்டிய முருகன் அவருடையது.

சேவூர் கொடுக்கும் இடத்தில் மட்டும் இல்லை, எடுக்கும் இடத்திலும் இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். முந்தியில் ஓவியம்போல் உருவம் வேண்டும் என்று கல்யாண வீட்டார் கேட்கும் காலம் இது. பின்டரஸ்டில் கிடைத்த மயிலையோ, எங்கோ ஒரு மாணவி வரைந்து இன்ஸ்டாகிராமில் போட்ட தாமரையையோ இறக்கிக் கட்டத்தில் ஏற்றுவது எந்த நெசவு ஊரிலும் எளிது. தன் வடிவம் களவு போவதாக வருந்தும் ஊர், வேறொருவர் வரைந்ததை எடுக்கும்போது அவரைத் தேடிக் கேட்பதுதான் முறை. கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு சம்மதிப்பார்கள். தன் படம் பட்டில் விழுவதை விரும்பாத ஓவியர் குறைவு.

கைபேசியில் கழலும் பெயர்கள்

சேலைப் படம் ஒன்று வாட்ஸ்அப் குழுவில் எப்படிப் பயணிக்கிறது என்பது ஆரணிப் பக்கத்தில் தறி வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். நெய்து முடித்ததும் படம் எடுத்துக் குழுவில் போடுகிறார்கள். மறுவிற்பனை செய்பவர் அதை எடுத்து, மூலையில் இருக்கும் பெயரை வெட்டி, தன் எண்ணைப் போட்டு அடுத்த குழுவுக்கு அனுப்புகிறார். மூன்றாவது கையில் அது ‘புது வரவு’ ஆகிறது. நான்காவது கையில் வேறு ஊர்ப் பெயர் ஒட்டிக்கொள்கிறது. கடைசியில் ஏதோ ஒரு விசைத்தறியில் மலிவான செயற்கை நூலில் அதே உருவம் ஓடுகிறது. ஒளிப்படக் கோப்புக்குள் யார், எப்போது எடுத்தது என்ற விவரம் பதிந்திருக்கலாம். ஆனால் வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்பும்போது அந்தக் குறிப்புகளும் உதிர்ந்துவிடும்.

இப்படிப்பட்ட ஒரு படத்தில் தொலைவது ஒரு பெயர் மட்டும் இல்லை. வடிவத்தை வரைந்தவர், சேலையை நெய்தவர், நெய்த ஊர், படம் எடுத்தவர் என நான்கு பெயர்கள் அதில் இருக்கின்றன. படத்தைப் பகிர்கிறவர் ஒளிப்படக்காரர் பெயரைப் போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று நினைப்பதுண்டு. அது பாதிதான். ஓவியத்தைப் படம் எடுத்தவர் ஓவியர் ஆகமாட்டார். சேலையைப் படம் எடுத்தவரும் அதை உருவாக்கியவர் ஆகமாட்டார்.

ஊரின் பெயருக்குச் சட்டம்

நான்கில் ஊரின் பெயருக்கு மட்டும் தனிச் சட்டம் இருக்கிறது. பொருள்களின் புவிசார் குறியீடுகள் சட்டம் 1999-இல் நிறைவேறி 2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் பதிவகம் சென்னையில் இருக்கிறது. காஞ்சிபுரம் பட்டு, திருபுவனம் பட்டு, சேலம் வெண்பட்டு ஆகியவற்றோடு ஆரணிப் பட்டும் அந்தப் பதிவேட்டில் இடம்பெற்றது. இந்தக் குறியீடு ஒரு முதலாளிக்கு உரியதாக இருக்க முடியாது. அதை விற்கவோ மாற்றித்தரவோ சட்டம் இடம் கொடுக்கவில்லை. பத்து ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். பொய்யாகப் பயன்படுத்தினால் ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம்.

இவ்வளவு இருந்தும் ஆரணித் தறியில் நெய்த சேலை வேறு ஊரின் பெயரில் விலைபோவது நின்றுவிடவில்லை. எடை குறைந்த, அன்றாடம் உடுத்த வசதியான பட்டு என்பது ஆரணியின் அடையாளம். அந்த நயத்தைச் சொல்லி விற்பதை விட்டுப் புகழ்பெற்ற ஊரின் பெயரைச் சொல்லி விற்பது எளிதாக இருக்கிறது. பெயர் போடாமல் விடுவது ஒரு தவறு. ஒருவர் படைப்புக்கு இன்னொருவர் பெயரைப் போடுவது அதைவிடப் பெரிய தவறு. சேவூர் நெசவாளிக்கு நேர்வது பல நேரம் இரண்டாவது வகை.

ஊருக்குக் கொடுக்க வேண்டிய கிரெடிட்டை உலகப் பெரு நிறுவனங்களும் மறப்பதுண்டு. 2025 ஜூனில் இத்தாலியின் மிலான் நகர ஆடை அணிவகுப்பில் பிராடா நிறுவனம் காட்டிய செருப்புகள், 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற கோலாப்பூரி செருப்பைப் போலவே இருந்தன. இந்தியா என்ற பெயரோ கோலாப்பூர் என்ற பெயரோ அங்கே சொல்லப்படவில்லை. சமூக ஊடகங்களில் எதிர்ப்பு கிளம்பிய பிறகு, இந்தியக் கைவினைச் செருப்பே தூண்டுதல் என்று அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. இதைக் குறித்து மும்பை உயர் நீதிமன்றத்துக்குப் போன பொதுநல மனு தள்ளுபடி ஆனது; குறியீட்டைப் பதிவு செய்தவர்களே வழக்குத் தொடர உரியவர்கள் என்பது அங்கே எழுந்த முக்கியக் கேள்வி. சட்டம் மெதுவாகப் போன இடத்தில் மக்களின் கேள்வி வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

வரைந்தவருக்கு என்ன உரிமை

ஓவியமாகவும் ஒளிப்படமாகவும் இருக்கும் வரை படைப்புக்குப் பதிப்புரிமைச் சட்டம், 1957 காவல். பதிவு செய்யாவிட்டாலும் உரிமை உண்டு. படைத்தவர் வாழ்நாளும் அதற்குப் பின் 60 ஆண்டும் நீடிக்கும். கூலி கொடுத்து வரையச் சொன்னாலோ, சம்பளத்துக்கு வேலை பார்த்தவர் வரைந்தாலோ, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை பெரும்பாலும் பணம் கொடுத்தவருக்குப் போய்விடும். ஆனால் 57-ஆம் பிரிவு ஒரு தனி உரிமையைப் படைத்தவரிடமே விட்டுவைக்கிறது. இதைப் படைத்தவர் நான் என்று சொல்லிக்கொள்ளும் உரிமையும், தன் பெயருக்கு இழுக்கு வரும்படி படைப்பைச் சிதைத்தால் எதிர்க்கும் உரிமையும் அது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்துவிட்ட பிறகும் இவை போகாது. 1886-இல் உருவான பெர்ன் உடன்படிக்கையில் 1928-இல் ரோமில் சேர்க்கப்பட்ட விதி இதற்கு உலக அளவில் அடிப்படை.

இந்தியாவில் இந்த உரிமையின் வலிமையைக் காட்டிய வழக்கு சிற்பி அமர்நாத் சேகலுடையது. டெல்லி விக்ஞான் பவனில் அவர் செய்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச்சிற்பம் 1979-இல் அவருக்குத் தெரியாமல் கழற்றப்பட்டுக் கிடங்கில் போடப்பட்டு சேதமானது. அரசு பணம் கொடுத்து வாங்கிய படைப்பு அது. ஆனாலும் படைத்தவருக்கு அதில் உரிமை இருக்கிறது என்று சொன்ன டெல்லி உயர் நீதிமன்றம், சிற்பத்தை அவரிடம் திருப்பித் தரவும் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கவும் 2005-இல் உத்தரவிட்டது. 2012 திருத்தத்தில் வந்த 65-பி பிரிவும் இணையவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று. படைப்பில் பதிந்திருக்கும் உரிமைக் குறிப்பை அறிந்தே நீக்குவதும் மாற்றுவதும் இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். ஓவியத்தின் மூலையில் இருக்கும் பெயரை வெட்டிவிட்டுப் பகிர்கிறவர்கள் இதை நினைத்துப் பார்ப்பது நல்லது.

தறிக்கு வந்துவிட்ட வடிவத்துக்கு நிலைமை வேறு. வடிவமைப்புச் சட்டத்தில் பதிவு செய்யத்தக்க ஒன்றைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவரிடம் உரிமம் பெற்றவரோ தொழில்முறையில் 50 முறைக்கு மேல் ஆக்கிவிட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவுப்படி அதன் பதிப்புரிமை முடிந்துவிடும். ஆடை வடிவங்களைப் பற்றிய ரித்திகா எதிர் பிபா வழக்கில் 2016-இல் டெல்லி உயர் நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. ஒரே அட்டையில் ஐம்பது சேலைக்கு மேல் ஓட்டுவது எந்தத் தறிக்காரருக்கும் பெரிய எண்ணிக்கை இல்லை. ஆகவே வடிவமைப்புச் சட்டம், 2000-இன் கீழ் பதிவு செய்துகொள்வதே பாதுகாப்பு. தனிநபருக்கு விண்ணப்பக் கட்டணம் 1,000 ரூபாய். காப்பு முதலில் 10 ஆண்டு. மேலும் 5 ஆண்டு நீட்டிக்கலாம்.

இங்கே பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. பதிவுக்குக் கொடுக்கும் வடிவம் புதியதாக, அதுவரை வெளியே வராததாக இருக்க வேண்டும். படத்தைப் பெருமையாக முகநூலில் போட்டுவிட்டு அடுத்த மாதம் விண்ணப்பித்தால், வெளியிட்ட காரணத்தாலேயே பதிவு நிராகரிக்கப்படலாம். முதலில் விண்ணப்பம், பிறகுதான் பதிவேற்றம். பதிவு செய்த வடிவத்தைத் திருடினாலும் சட்டம் சொல்லும் தொகை ஒரு மீறலுக்கு 25,000 ரூபாய், ஒரு வடிவத்துக்கு மொத்தம் 50,000 ரூபாய் என்ற வரம்புக்குள் நிற்கிறது. நட்டஈடு கேட்டுத் தனியே வழக்குப் போடலாம் என்றாலும், கூலிக்கு நெய்யும் குடும்பத்துக்கு அந்தச் செலவு தாங்காது. சட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது. எடுத்து ஆள்கிறவர்களின் பழக்கம் மாற வேண்டும்.

தமிழில் இருந்த பழக்கம்

அந்தப் பழக்கம் தமிழுக்குப் புதியது இல்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் செய்த நன்னூல், ஒரு நூலின் பாயிரத்தில் சொல்ல வேண்டிய எட்டுச் செய்திகளில் முதலாவதாக ஆக்கியோன் பெயரையும் அடுத்ததாக வழியையும் வைக்கிறது. வழி என்பது இந்த நூல் எந்த முன்னூலிலிருந்து வந்தது என்ற விவரம். முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்று நூல்களை அது பிரிப்பதும் இதனால்தான். பிறர் நூலிலிருந்து எடுப்பதை அது குறையாகச் சொல்லவில்லை. எடுத்த இடத்தைச் சொல்லிவிட வேண்டும் என்கிறது.

சங்கப் பாடல்களைத் தொகுத்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். பாடியவர் பெயர் தெரியாத பாட்டைப் பெயரில்லாதது என்று ஒதுக்காமல், அந்தப் பாட்டில் வரும் அரிய தொடரையே அவருக்குப் பெயராக்கினார்கள். செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார், மீனெறி தூண்டிலார், ஓரேருழவனார் எல்லாம் அப்படி வந்த பெயர்கள். பின்னாளில் உ.வே. சாமிநாதையர் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்தபோது, ஏட்டுச் சுவடி கொடுத்து உதவியவர்களை முன்னுரையில் ஊர் பெயரோடு குறித்து வைத்தார்.

இணையத் தமிழின் தொடக்க முயற்சிகளில் ஒன்றும் இதே வழியில் நடந்தது. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களைக் கொண்டு தமிழ் நூல்களை மின்னூலாக்கியது. ஒவ்வொரு கோப்பின் தலைப்பிலும் தட்டச்சு செய்தவர், பிழை திருத்தியவர், மூலநூல் கொடுத்தவர் பெயர்கள் இருக்கும். யாரும் இலவசமாகப் பரப்பலாம். அந்தத் தலைப்பை மட்டும் நீக்கக் கூடாது என்பதே நிபந்தனை. பணம் வாங்காமல் இரவெல்லாம் தட்டச்சு செய்தவருக்குக் கிடைத்த கூலி அந்த ஒரு வரி. அதை வெட்டிவிட்டு மின்னூலைப் பரப்புவது அந்தக் கூலியைப் பறிப்பதுதான்.

கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் இதையே உலகப் பொதுவில் விதியாக்கின. 2001-இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த அமைப்பு 2002 டிசம்பரில் முதல் உரிமங்களை வெளியிட்டது. விக்கிப்பீடியாவும் விக்கிமீடியா பொதுவகமும் இவற்றின் மேல் நிற்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவில் ஆரணியைப் பற்றியோ பட்டைப் பற்றியோ இருக்கும் கட்டுரையையும் படத்தையும் யாரும் எடுத்து ஆளலாம். பெரும்பாலானவற்றுக்கு முதல் விதி, படைத்தவர் பெயரைச் சொல்ல வேண்டும் என்பது.

எப்படிச் சொல்வது

முழுமையான கிரெடிட் என்பது படைப்பின் தலைப்பு, படைத்தவர் பெயர், எடுத்த இடம், எந்த உரிமத்தின் கீழ் என்ற நான்கும் சேர்ந்தது. நிறம் மாற்றினாலோ வெட்டினாலோ கட்டத்தில் ஏற்றினாலோ, மாற்றியதையும் சொல்ல வேண்டும். படைத்தவர் தாமே எடுத்து ஆள்கிறவரின் விற்பனையை ஆதரிப்பதுபோலத் தோன்றக் கூடாது. பெயர் படத்தோடு சேர்ந்தே, கண்ணில் படும் இடத்தில் இருக்க வேண்டும். நாற்பது ஹேஷ்டேகுக்குக் கீழே புதைத்த பெயர் யாருக்கும் உதவாது.

‘நன்றி: கூகுள்’, ‘நன்றி: இணையம்’, ‘நன்றி: பின்டரஸ்ட்’ என்று போடுவது கிரெடிட் ஆகாது. அவை படம் கிடைத்த கடை, படைத்தவர் வேறு. ‘உரிமை உரியவருக்கே’ என்ற வரியும் அப்படித்தான். அந்த உரியவர் யார் என்று தேடும் வேலையைச் செய்யவில்லை என்பதை மட்டுமே அது சொல்கிறது. தேடுவது இப்போது கடினமும் இல்லை. கூகுள் லென்ஸில் படத்தைக் கொடுத்தால் முன்பு வெளியான இடங்கள் பலவும் தெரிந்துவிடும். அவற்றில் பழையதைப் பிடித்துப் போனால் பல நேரம் படைத்தவரிடமே போய்ச் சேரலாம். தேடியும் கிடைக்காவிட்டால், ‘வரைந்தவர் தெரியவில்லை, தெரிந்தவர் சொன்னால் சேர்க்கப்படும்’ என்று நேர்மையாக எழுதலாம். விற்பனைக்குப் பயன்படுத்துவதாக இருந்தால் அப்படிப்பட்ட படத்தைத் தொடாமல் விடுவதே சரி.

பெயர் போட்டுவிட்டால் அனுமதி கிடைத்துவிட்டதாகவும் நினைக்கக் கூடாது. இரண்டும் வேறு வேறு. ஒருவர் ஓவியத்தைச் சேலையில் அச்சிட்டு விற்றுவிட்டு அவர் பெயரைப் போட்டாலும், அனுமதி வாங்காதது தவறுதான். பதிப்புரிமைக் காலம் முடிந்த பழைய ஓவியத்தை அனுமதியின்றி எடுக்கலாம். பெயரைச் சொல்லாமல் விடுவது அப்போதும் முறையில்லை. செயற்கை நுண்ணறிவுச் செயலி உருவாக்கிய முந்தி வடிவத்தைத் தன் கையால் வரைந்ததாகப் போடுவதும் இதே வகைப் பொய். செயலியில் செய்தது என்று சொல்லிவிட்டால் வாங்குபவர் தாமே தீர்மானித்துக்கொள்வார்.

பலர் சேர்ந்து செய்த படைப்பில் ஒருவர் பெயர் மட்டும் முன்னால் வருவது இன்னொரு நோவு. 2021 மார்ச்சில் வெளியான ‘எஞ்சாய் எஞ்சாமி’ பாடல் உலகெங்கும் ஓடியபோது, ஓர் ஆங்கில இசை இதழின் அட்டையில் பாடகி தீ இருந்தார், பாடலை எழுதிப் பாடிய அறிவு இல்லை. கண்டனம் எழுந்த பிறகு அறிவின் படத்தோடும் ஓர் அட்டை வந்தது. அடுத்த ஆண்டு ஜூலையில் சென்னை செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவர் இல்லாமல் அந்தப் பாடல் ஒலித்தபோது விவாதம் மறுபடி எழுந்தது. அதற்கு நேர்மாறான நல்ல வழியைக் கோவில்பட்டியில் பார்க்கலாம். நாட்காட்டிச் சாமிப் படங்களால் தமிழ்நாட்டு வீடுகளை நிறைத்த சி. கொண்டைய ராஜு, சீடர்களோடு சேர்ந்து வரைந்த படங்களில் தன் பெயரோடு டி.எஸ். சுப்பையா போன்ற சீடர் பெயரும் வரும்படி செய்தார். குருவின் பெயர் அதனால் குறைந்துவிடவில்லை. இன்று அந்தப் படங்களைத் தேடிச் சேர்ப்பவர்கள் இருவர் பெயரையும் சொல்லித்தான் தேடுகிறார்கள்.

சேலைக்கும் இது முடியும். கோ-ஆப்டெக்ஸ் தன் சேலைகளில் நெசவாளியின் பெயரும் படமும் கொண்ட அட்டையை இணைத்து விற்றிருக்கிறது. சேவூரின் கூட்டுறவுச் சங்கங்களும் தனி உற்பத்தியாளர்களும் அந்த அட்டையில் இன்னும் ஒரு வரி சேர்க்கலாம்: வடிவம் வரைந்தவர் இன்னார். கணினிக் கோப்புக்குப் பெயர் வைக்கும்போதே வரைந்தவர் பெயரையும் ஆண்டையும் சேர்த்துவிடலாம். படத்தை வெளியிடும்போது ஓரத்தில் வைக்காமல், வெட்டினால் சேலையே வெட்டுப்படும் இடத்தில் மெல்லிய எழுத்தில் ஊர்ப் பெயரைப் பதிக்கலாம். இவற்றுக்குப் பெரிய செலவு இல்லை.

வாங்குகிறவர்கள் செய்ய வேண்டியதும் உண்டு. கல்யாணப் பட்டை எடுக்கும்போது எந்த ஊர்த் தறி, யார் நெய்தது, யார் வரைந்த வடிவம் என்று கடையில் கேளுங்கள். பதில் தெரிந்தால், அந்தச் சேலை உடுத்திய படத்தை இணையத்தில் போடும்போது சேவூர் என்ற ஊரையும் தெரிந்த பெயர்களையும் சேர்த்து எழுதுங்கள். பதில் தெரியாது என்று கடைக்காரர் சொன்னாலும் கேட்பதை விடாதீர்கள். பத்துப் பேர் கேட்டால் பதினோராவது ஆளுக்காக அவர் விசாரித்து வைப்பார்.